வங்கிக் கடன் இல்லாமல் கொழும்பில வீடு: சேமிச்சே வாங்கலாமா?

கடலோரம்:

எல்லாருக்கும் வணக்கம். நானும் அவரும் வெள்ளவத்தையில, வீடொண்டோட ஒட்டின ஒரு அனெக்ஸில வாடகைக்கு இருக்கிறம். அவர் புறக்கோட்டையில ஹாட்வெயார் கடையொண்டில கணக்குப் பார்க்கிறார், எனக்குத் தனியார் கொம்பனியொண்டில கிளார்க் வேலை. கைக்கு வாற சம்பளம் அவருக்கு 125,000, எனக்கு 105,000. வாடகை 60,000. மகள் மூண்டாம் ஆண்டு படிக்கிறா. எல்லாச் செலவும் போக மாதம் 85,000 ஒதுக்கிறம். இதுவரைக்கும் சேர்ந்தது 48 லட்சம், என்ர பேரில நிலையான வைப்பில கிடக்குது.

எங்கட விருப்பம், முழுக்காசையும் குடுத்து ஒரு வீட்டை வாங்கிறது. வெள்ளவத்தையில எண்டு கேக்கேல்லை. இஞ்ச ரெண்டு அறை ஃபிளட்டுக்கே மூண்டு, மூண்டரைக் கோடி சொல்லுகினம். வத்தளை, ஹெந்தளைப் பக்கம் ஆறு பேர்ச் காணியில பழைய வீடு ஒண்டரைக் கோடிக்கு மேல பார்க்கலாம் போல இருக்குது.

சொந்தக்காரர் எல்லாரும் "லோனை எடுத்து வாங்கிப் போட்டு மெல்ல மெல்லக் கட்டுங்கோவன்" எண்டுதான் சொல்லுகினம். எனக்கு அது ஏலாது. என்ர அண்ணா 2021 இல மாறும் வட்டியில லோன் எடுத்தவர். அப்ப வட்டி 9 வீதம். ஒரு கோடியை 20 வருடத்துக்கு அந்த வட்டியில எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 90,000. வட்டி 24 வீதத்துக்குப் போனால் அதே கடனுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல. சம்பளம் ஏறேல்லை, தவணை ரெண்டு மடங்கு. அண்ணியின்ர தாலிக்கொடி அடைவுக்குப் போனதை நான் கண்ணால கண்டனான். இப்ப வட்டி இறங்கியிட்டுது, ஆனால் அந்த நேரம் தவணையை நீட்டினதால கடன் இன்னும் முடியேல்லை.

அதால கேக்கிறன். சேமிச்சே வாங்கினவை இஞ்ச ஆரும் இருக்கிறியளோ? எப்பிடிச் செய்தனீங்கள், காசை எங்க வைச்சனீங்கள்?

வட்டிக்கணக்கு:

தங்கச்சி, உங்கட பயம் நியாயமானது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி மற்ற வங்கி வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில 7 வீதப் புள்ளி கூட்டினது. மாறும் வட்டியில இருந்த எல்லாரையும் அது அடிச்சது.

ஆனால் அதே வருடத்தைச் சேமிச்சவையின்ர பக்கத்தாலையும் பாருங்கோ. மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது, மே மாதம் 360 ஆச்சுது. செப்டெம்பரில கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். 50 கிலோ சீமெந்து 2021 தொடக்கத்தில ஆயிரம் ரூபாவைச் சுற்றி விற்றது, 2022 இல மூவாயிரத்தைத் தொட்டது. வங்கிப் புத்தகத்தில 50 லட்சம் வைச்சிருந்தவருக்கு இலக்கம் குறையேல்லை. ஆனால் அந்தக் காசால கட்டக்கூடிய வீடு பாதியாப் போச்சுது. கடனில வாங்கினவருக்குத் தவணை கழுத்தை நெரிச்சது, வீடு மட்டும் மிஞ்சினது.

உங்கட கணக்கைப் போட்டுப் பார்த்தன். 48 லட்சமும், மாதம் 85,000 உம், 8 வீத வட்டியும் எண்டால் ஏழு வருடத்தில ஒரு கோடி 79 லட்சம் வரும். நல்ல காசுதான். ஆனால் இண்டைக்கு ஒரு கோடி 60 லட்சம் சொல்லுற வீடு வருடம் 6 வீதப்படி ஏறினாலும் அப்ப ரெண்டு கோடி 40 லட்சம். அறுபது லட்சம் துண்டு விழும். பிறகு அந்த அறுபதுக்கு இன்னும் எத்தினை வருடம் ஓடுவியள்?

சேமிக்காதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. பாதிக்கு மேல கையில இருக்கேக்க மிச்சத்துக்குச் சின்னக் கடனா, நிலையான வட்டியில எடுங்கோ. அண்ணாவின்ர கதை வேற, உங்கட கதை வேற.

ஜெம்பட்டா ரதி:

நாங்க சேமிச்சுத்தாங்க வாங்கினோம். கொட்டாஞ்சேனையில வாடகைக்கு இருந்து, பதினாலு வருஷமாச் சேர்த்து, மட்டக்குளியில சின்ன வீடு. கடன் ஒரு சதம் இல்ல. அதனால "முடியாது"ன்னு சொல்றவங்களுக்கு நான் ஒரு உதாரணம்.

சேமிப்புன்னா எல்லாரும் டீயைக் குறை, புடவையைக் குறைன்னு சொல்லுவாங்க. காசு போற பெரிய ஓட்டை மூணே மூணுதான். வாடகை, வண்டி, விசேஷம். நாங்க வண்டி வாங்கவே இல்ல. 2020 மார்ச்சுல வாகன இறக்குமதியை நிப்பாட்டினப்புறம் பழைய வேன் வெலையெல்லாம் எங்கேயோ போயிருச்சு, அப்பவும் கடன் வாங்கி வண்டி எடுத்தவங்க இன்னைக்கும் லீசிங் கட்டிக்கிட்டு இருக்காங்க. விசேஷம்னா, சொந்தத்துல கல்யாணம், சாமத்தியச் சடங்கு எல்லாத்துக்கும் மொய் ஒரே அளவுன்னு வீட்டுக்காரரும் நானும் முடிவு பண்ணோம். மொதல்ல மூஞ்சியத் தூக்குனாங்க. பொறகு பழகிட்டாங்க.

கரண்டைச் சொல்லணும். இது அனெக்ஸ்ல இருக்கவங்களுக்கு முக்கியம். மாசம் 60 யூனிட் தாண்டினா மொதல் யூனிட்லேர்ந்தே வேற கட்டணம், மாறாத கட்டணமும் கூடும். 2022 ஆகஸ்ட்ல 75 வீதம், 2023 பெப்ரவரியில 66 வீதம்னு ஏத்துனாங்க. அனெக்ஸ்ல தனி மீட்டர் இல்லாம வீட்டுக்கார அம்மாவோட மீட்டர்லேர்ந்து இழுத்துக் குடுத்திருந்தா, ரெண்டு வீட்டுப் பாவனையும் சேர்ந்து மேல் படிக்குப் போயிரும். நீங்க சிக்கனமா இருந்தும் கூடுன வெலையிலதான் கட்டுவீங்க. வாடகை பேசுறப்பவே தனி மீட்டரான்னு கேளுங்க.

ஒண்ணே ஒண்ணு. பிள்ளை சாப்பாட்டுல கை வைக்காதீங்க. போன வருஷம் தேங்காய் இருநூறு ரூபா வித்தப்போ எங்க தெருவுல பல பேரு பாலைக் கொறச்சு, மீனை நிப்பாட்டிட்டாங்க. நெத்தலி, பருப்பு, முட்டை, கீரைன்னு மலிவாவும் சத்தாவும் ஆக்கலாம், அதுக்குக் கொஞ்சம் முன்கூட்டி நெனைக்கணும், அவ்வளவுதான். ஆபீஸுக்குச் சோத்துப் பார்சல் கட்டிக்கிட்டுப் போனா ரெண்டு பேருக்கும் மாசம் பதினஞ்சாயிரத்துக்கு மேல மிஞ்சும்.

கடலோரம்:

ரதி அக்கா, மனசுக்குத் தெம்பா இருக்குது. சீட்டுப் போட்டனீங்களோ? இஞ்ச பக்கத்து வீட்டு அக்கா ஒராள் இருபது பேரைச் சேர்த்து மாதம் 25,000 படி ஐஞ்சு லட்சச் சீட்டுப் பிடிக்கிறா. என்னையும் கேக்கிறா.

ஜெம்பட்டா ரதி:

போட்டோம், ஆனா ஒரே வேலைத்தளத்துல இருக்கவங்களோட மட்டும். சம்பளம் ஒரே நாள்ல வரும், யாரும் ஓட முடியாது. தெருச் சீட்டு வேணாங்க. சீட்டுப் பிடிக்கிறவங்க நல்லவங்களா இருந்தாலும், முன்னாடி எடுத்த நாலு பேரு கட்டாம விட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? கேக்கிறதுக்குக் கையில ஒரு துண்டுக் காகிதம் கூட இருக்காது.

தங்கமும் கொஞ்சம் வாங்கினோம். செட்டியார் தெருவுல நகையா வாங்காம தங்கக் காசாத்தான் வாங்கினோம், நகைன்னா செய்கூலி திரும்பி வராது. 2020ல ஒரு பவுன் லட்ச ரூபாயைச் சுத்தி இருந்துச்சு, 2025ல மூணு லட்சத்தைத் தாண்டிருச்சு. வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்த காசுல பெரிய பங்கு அதுதான்.

வட்டிக்கணக்கு:

காசு எங்க வைக்கிறது எண்டு கேட்டதுக்கு மூண்டு விசயம் சொல்லுறன்.

கூடுதல் வட்டி எண்டு சொல்லி நிதி நிறுவனங்களுக்குப் பின்னால போகாதேங்கோ. 2020 இல மத்திய வங்கி பெரிய நிதி நிறுவனமொண்டின்ர அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்து, வைப்பு வைச்சிருந்த வயோதிபர் எல்லாம் வரிசையில நிண்டதை மறக்க ஏலாது. வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில 11 லட்சம் வரைக்கும்தான். உங்கட 48 லட்சமும் ஒரே இடத்தில இருந்தால் மிச்சம் 37 லட்சத்துக்கு அந்தக் காப்பு இல்லை. தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு மட்டும் சட்டப்படி அரசாங்கத்தின்ர முழு உத்தரவாதம் இருக்குது. அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கிற திறைசேரி உண்டியலையும் (Treasury bill) கேட்டுப் பாருங்கோ.

அடுத்தது வரி. 2025 ஏப்ரலில இருந்து வட்டியில 10 வீதம் பிடிக்கினம். வருட வருமானம் 18 லட்சத்துக்குள்ள இருக்கிறவை சுயவெளிப்படுத்தல் படிவம் குடுத்தால் பிடிக்கமாட்டினம். உங்கட சம்பளமும் இந்த வட்டியும் சேர்ந்தாலும் 18 லட்சத்துக்குக் கீழதான் வரும். அவற்ர பேருக்கு மாத்தினால் தாண்டியிடும். அதால உங்கட பேரிலேயே விடுங்கோ.

மூண்டாவது, சம்பளத்தில பிடிக்கிற ஊழியர் சேமலாப நிதியம் (EPF). பத்து வருடத்துக்கு மேல கட்டினவை வீட்டுக்கெண்டு 30 வீதம் முன்கூட்டி எடுக்கலாம். ரெண்டு பேரின்ர நிலுவையையும் விசாரியுங்கோ. அது உங்கட சொந்தக் காசு, கடன் இல்லை.

தெஹிவளை நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கட ஆக்கள்ள வட்டி எடுக்கிறதும் குடுக்கிறதும் கூடாது. அதனால லோனா சேமிப்பாங்கிற கேள்வியே எங்கட வாப்பா காலத்துல வீட்டுக்குள்ள வரல்ல. கடன் இல்லாம வீடு கட்டுற முறை ஒண்டு இருக்கு, அதைச் சொல்றேன்.

முழு வீட்டை ஒரே தடவையில வாங்க நெனைக்கிறதாலதான் வட்டிக்கணக்கு சொன்ன அந்தத் துண்டு விழுது. காசு ரூபாயா இருக்குற ஒவ்வொரு வருஷமும் வெல முந்திப் போகுது. காணியை முதல்ல எடுத்துட்டா, வெலையோட பெரிய பங்கு அன்னையோட நிக்கும். பொறகு நீங்க மாசம் ஒதுக்குற காசு சீமெந்தாவும் கம்பியாவும் மாறும்.

நாங்க தெஹிவளையில வாடகைக்கு இருந்துகிட்டே பாணந்துறைப் பக்கம் எட்டு பேர்ச் எடுத்தோம். முதல்ல கிணறும் மதிலும். அடுத்த வருஷம் அத்திவாரம், மேல் மாடிக்கும் தாங்குற மாதிரி. அதுக்கடுத்தது ரெண்டு அறை, குசினி, பாத்ரூம், தகரம். தரைக்கு டைல்ஸ் இல்ல, வெறும் சீமெந்து. அப்பவே குடி போயிட்டோம், வாடகை நிண்டுச்சு. அந்த வாடகைக் காசுதான் பொறகு கொங்கிறீட் ஸ்லாப் போட்டது. கோட்டைக்கு வேலைக்குப் போக ரெயில் சீசன் இருக்கு, பாணந்துறையிலேர்ந்து கடலோரப் பாதை நேரா வருது. பஸ்ஸை விட மலிவு.

உங்கட 48 லட்சத்துக்கு இன்டைக்கே காணி எடுக்கலாம். வெள்ளவத்தை, கொழும்பு 6ங்கிற நெனைப்ப மட்டும் விடணும்.

கடலோரம்:

நானா, நீங்கள் சொல்லுறது மனசில பட்டிட்டுது. ஆனால் ரெண்டு தயக்கம். ஒண்டு, மகளின்ர தமிழ்மொழிப் பள்ளிக்கூடம். பாணந்துறை, பண்டாரகமைப் பக்கம் போனால் இஞ்ச கிடைச்ச அனுமதியை விட வேணும். வத்தளையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குது, அதாலதான் அந்தப் பக்கம் பார்க்கிறன். மற்றது, வெறுங்காணியை வாங்கிப் போட்டிட்டு நாங்கள் இஞ்ச இருந்தால் ஆர் பார்க்கிறது?

கடற்கரை ஒழுங்கை:

இந்த இழையில எல்லாரும் வட்டி, வீதம் எண்டு கதைக்கிறியள். எனக்கு வயது எழுபதைத் தாண்டியிட்டுது, நான் வேறொண்டு சொல்லுறன்.

எங்கட அப்பா 83 ஆடிக் கலவரத்துக்கு முதல் வெள்ளவத்தையில வீட்டுக்காரர். ஆடிக்குப் பிறகு கரிஞ்ச சுவர்தான். கப்பலில காங்கேசன்துறைக்குப் போய், ரெண்டு வருடத்தால திரும்பி வந்து, அந்தக் காணியை வந்த விலைக்கு வித்தவர். சாகும்வரைக்கும் பிறகு வீடு வாங்கேல்லை. "காசா இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம்" எண்டு சொல்லுவார். எங்கட தலைமுறையில கனபேர் கொழும்பில வாடகையிலேயே காலத்தைக் கழிச்சதுக்குச் சிக்கனமோ வசதியீனமோ காரணம் இல்லை, இந்தப் பயம்தான்.

பிறகு 2007 ஜூன் 7. லொட்ஜுகளில தங்கியிருந்த எங்கட சனத்தை விடியப்புறம் பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பினவை. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிப்பாட்டச் சொல்லி உத்தரவு போட்டது. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, இந்த ஊரில எங்கட பேரில ஒரு விலாசம் வேணும் எண்டு. அடுத்த வருடமே தெஹிவளையில சின்ன வீடு எடுத்தன். விலை கூடவோ குறைவோ எண்டு ஆரும் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

பிள்ளை, நீங்கள் கடன் இல்லாமல் வாங்க நினைக்கிறதை நான் மதிக்கிறன். ஆனால் ஏழு வருடம், பத்து வருடம் எண்டு தள்ளாதேங்கோ. கிட்டடியில, சின்னனா எண்டாலும் எடுங்கோ.

மருதானைப் பொடியன்:

இடையில ஒரு கேள்வி. அரசாங்கத் தொடர்மாடியில ரெண்டு அறை வீடு ஒண்டு 60 லட்சத்துக்கு இருக்கு. உறுதிப் பத்திரம் இன்னும் வரேல்லையாம், சத்தியக் கடதாசி எழுதிச் சாவியைக் குடுக்கிறாங்களாம். முழுக்காசும் குடுக்க ரெடி. எடுக்கலாமா?

புதுக்கடைக் கிளார்க்:

தம்பி, எடுக்காதீர்கள்.

நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் நீண்டகாலம் கிளார்க்காக இருந்தவன். இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். ஒருவரும் சொல்லாத விடயம் ஒன்று இருக்கிறது. கடன் எடுத்து வாங்குகிறவருக்கு வங்கியின் சட்டப் பிரிவு உறுதிகளைத் தோண்டித் துருவிப் பார்க்கும், தங்கள் காசு போய்விடக்கூடாது என்ற கவலையில். உரித்து, அதாவது சொத்துரிமை, சரியில்லை என்றால் கடனே கிடைக்காது. முழுக்காசும் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்தக் காவல் கிடையாது. விற்பவரும் தரகரும் "காசு ரெடி என்றால் நாளைக்கே முடிப்போம்" என்று அவசரப்படுத்துவார்கள். வாழ்நாள் சேமிப்பை ஒரே நாளில் இழந்தவர்களை எங்கள் அலுவலக வாங்கில் இருத்தித் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் உள்ளது. காணி, வீடு விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமும் அப்படித்தான். வெறும் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கி இருபது லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால், அந்தத் தாளை வைத்து வீட்டைக் கேட்க முடியாது. சத்தியக் கடதாசியும் சாவியும் உரித்து ஆகாது. மருதானைத் தம்பிக்கு இதுதான் பதில்.

வாங்கும் முன் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்கு உரித்தைப் பின்னோக்கித் தேடுவிக்க வேண்டும். ஈடு (அடமானம்) இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா, சீவிய உரித்து யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பது அங்கே தெரியும். தாய் தகப்பன் மகனுக்கு நன்கொடை உறுதி எழுதும்போது தங்களுக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்வது எங்கள் ஆட்களிடம் சாதாரணம். மகன் விற்றாலும் தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அவரும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தில் பல வீடுகளின் சொந்தக்காரர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். இங்கே ஒருவர் அற்றோணித் தத்துவத்தோடு, அதாவது உரிமையாளருக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தோடு, வந்து விற்பார். அந்தத் தத்துவம் உண்மையானதா, பதியப்பட்டதா, ரத்துச் செய்யப்படவில்லையா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் இறந்துவிடும். உரிமையாளரோடு வீடியோவில் நேரே கதைக்க முடியாது என்று தரகர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

உள்ளூராட்சி சபையில் சோலைவரி (வீட்டு வரி) யாருடைய பெயரில் கட்டப்படுகிறது, வீதிக்கோடு எங்கே போகிறது, அனுமதித்த வரைபடப்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் கட்டடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வீதியை அகலப்படுத்த ஒதுக்கிய கோடு முன் அறைக்குள்ளால் போகிற வீடுகள் உண்டு. மலிவாக விற்பதற்குக் காரணம் பல நேரம் அதுதான். நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களைக் கண்ணால் பாருங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பகுதியில் பொதுவாக 150 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டாகக் காணியைப் பிரிக்க அனுமதி இல்லை. "நாலு பேர்ச் தனி உறுதி" என்று யாராவது வந்தால் அந்தத் துண்டு எப்போது, எந்த அனுமதியில் பிரிந்தது என்று கேளுங்கள்.

வெறுங்காணி பற்றிப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. மற்றவர் ஒருவர் எதிர்ப்பில்லாமல் 10 வருடம் தொடர்ந்து ஆண்டுவந்தால் காலாவதிச் சட்டத்தின் கீழ் உரிமை கோரலாம். வாங்கியதும் நானா சொன்னதுபோல் மதில் கட்டுங்கள். இடைக்கிடை போய் நின்று துப்புரவாக்குங்கள், சோலைவரியை உங்கள் பெயருக்கு மாற்றிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒன்றரைக் கோடி வீட்டுக்கு ஏறக்குறைய ஆறு லட்சம். நொத்தாரிசுக் கட்டணம் வேறு. சேமிப்புத் திட்டம் போடுகிறவர்கள் இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடித்திரிவார்கள். தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சிலர் கேட்பார்கள். உடன்படாதீர்கள். பின்னர் நீங்கள் விற்கும்போது அந்தக் குறைந்த விலையிலிருந்துதான் ஆதாயம் கணக்கிடப்படும். விற்பனை முறிந்து வழக்குக்குப் போனாலும் உறுதியில் இருக்கும் தொகைதான் சாட்சி. காசைக் கைக்காசாகக் கொடுக்காமல் வங்கிப் பணக்கட்டளையாகக் கொடுங்கள்.

உறுதி முடிந்ததும் அலுவல் முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பதியாத உறுதியை, பின்னர் எழுதி முதலில் பதிந்த உறுதி வென்றுவிடும். நொத்தாரிசு அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பதிவுக்கு அதுவரை காத்திருக்காமல், அதே நாளில் நாட்பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

தெஹிவளை நானா:

மாஷா அல்லாஹ், இவ்வளவையும் எங்களுக்கு அந்த நேரம் சொல்ல ஒராள் இருக்கல்ல. ஹெந்தளை, வத்தளைப் பக்கம் பாக்குறவங்க வெள்ளத்தையும் பாருங்க. 2016 மே மாசம் களனி கங்கை பெருகினப்போ கொலன்னாவை, வெல்லம்பிட்டிய வீடுகள்ள கூரை மட்டும்தான் தெரிஞ்சுச்சு. முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தை ஒட்டி மண் போட்டு நிரப்பின காணி மலிவா வரும், நிரப்புறதுக்கு அனுமதி எடுத்தாங்களான்னு பாருங்க. தரகர்ட்ட கேக்காம, பக்கத்து வீட்டுச் சுவர்ல தண்ணி நிண்ட கறை எந்த உயரத்துல இருக்குன்னு மழைக்காலத்துல போய்ப் பாருங்க.

வட்டிக்கணக்கு:

ஐயா எழுதினதை வாசிச்ச பிறகு என்ர கருத்தைக் கொஞ்சம் திருத்துறன். தங்கச்சிக்கு நேரா ஒண்டரைக் கோடி வீட்டைத் துரத்துறதை விட, நானா சொன்ன வழியில காணியைப் பிடிக்கிறது கணக்குக்கும் சரியா வருது. 40 லட்சத்துக்குள்ள காணி. தீர்வை, நொத்தாரிசு, மதில் போக மிச்சத்தைத் தொடாதேங்கோ, ரெண்டு பேரில ஒராளுக்கு வேலை போனாலும் ஆறு மாதம் ஓட வேணும். அதுக்குப் பிறகு மாதம் 85,000 படி வருடம் பத்து லட்சம். ரெண்டு அறையும் குசினியும் எழும்ப மூண்டு, நாலு வருடம். சேமலாப நிதியில 30 வீதமும் கிடைச்சால் இன்னும் கெதியா. சாமானின்ர விலை திடீரெண்டு ஏறினால் கட்டுறதை நிப்பாட்டி வைக்கலாம், ஆரும் வட்டி கேட்டு வரமாட்டினம். கடனில அந்த வசதி இல்லை எண்டதை ஒத்துக்கொள்ளுறன்.

கடலோரம்:

எல்லாருக்கும் கோடி நன்றி. நேற்று ரெண்டு பேரும் ஹெந்தளைக்குப் போய் ஒரு இடம் பார்த்தனாங்கள். ஆறரைப் பேர்ச், மூலையில பழைய ஒற்றை அறை வீடு, கூரைச் சீற்றுகளில பாதி உடைஞ்சு கிடக்குது. வீட்டுக்கு மதிப்பே இல்லை, காணி விலைதான் எண்டு 45 லட்சம் கேக்கினம். பஸ் நிக்கிற இடத்துக்கு நடக்கிற தூரம், பக்கத்துச் சுவரில வெள்ளக் கறை இல்லை. அறையைத் திருத்தினால் வாடகை இல்லாமல் அதுக்குள்ளேயே இருந்துகொண்டு கட்டலாம் எண்டு அவர் சொல்லுறார், எனக்கும் அது சரியெண்டு படுது.

விக்கிறவர் மூண்டு சகோதரரில ஒராள். தகப்பன் செத்திட்டார், உறுதி இன்னும் தகப்பன்ர பேரில. மற்ற ரெண்டு பேரும் சம்மதமாம், ஒராள் இத்தாலியில. கிழமைக்குள்ள ஐஞ்சு லட்சம் அட்வான்ஸ் தந்தால் வேற ஆருக்கும் காட்டமாட்டாராம். ஐயா, என்ன செய்ய?

புதுக்கடைக் கிளார்க்:

பிள்ளை, இடம் நல்லதாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கிழமை ஐந்து சதமும் கொடுக்க வேண்டாம்.

தகப்பன் மரண சாதனம் (உயில்) எழுதினாரா என்று முதலில் கேளுங்கள். எழுதாவிட்டால் தாயும் பிள்ளைகளும் உரித்தாளிகள். தாய் உயிரோடு இருந்தால் அவருடைய பங்கைத் தவிர்க்க முடியாது. ஆதனத்தின் பெறுமதியைப் பொறுத்து நீதிமன்றத்தில் மரண சாதன வழக்கும் முடித்திருக்க வேண்டி வரலாம், அதை உங்கள் நொத்தாரிசிடம் கேளுங்கள். இத்தாலியில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்ட அற்றோணித் தத்துவத்தை அனுப்பி, அது இங்கே பதியப்பட வேண்டும். எல்லா உரித்தாளிகளும் சேர்ந்து கையெழுத்து வைக்கும் விற்பனை ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, அதில் அட்வான்ஸைக் குறிப்பிட்டு, அதன் பிறகு கொடுங்கள். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் நீங்கள் வாங்குவது அவருடைய பிரிக்கப்படாத பங்கை மட்டும்தான். பிறகு மற்றவர்களோடு பிரிவினை வழக்கில் பல வருடம் நிற்பீர்கள்.

விற்பவரின் நொத்தாரிசையே உங்களுக்கும் வைத்துக்கொள்ளாமல் உங்களுக்கென்று ஒருவரைப் பிடியுங்கள். உறுதியின் நிழற்பிரதியில் பதிவேட்டு இலக்கமும் பக்க இலக்கமும் இருக்கும், அவரிடம் கொடுத்துப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். இங்கே உறுதியைப் படம் பிடித்துப் போட வேண்டாம், பெயரும் விலாசமும் எல்லாரும் பார்ப்பார்கள். தேடல் அறிக்கை வந்ததும் உரித்துச் சங்கிலியை மட்டும், பெயரில்லாமல், யாரிலிருந்து யாருக்கு எந்த வருடம் என்று எழுதுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.

கடலோரம்:

சரி ஐயா. தாய் இருக்கிறா, மூத்தவரோட நீர்கொழும்பில. நாளைக்கு அவரிட்ட மரண சாதனத்தைப் பற்றிக் கேட்டிட்டு, நிழற்பிரதியும் வாங்கிக்கொண்டு வாறன். அட்வான்ஸ் இப்ப இல்லை எண்டு தரகருக்கு இப்பவே சொல்லிப்போட்டன்.